டி.சி. இல்லாமல் சேர்த்துக்கொண்ட மேடத்துக்கும் மற்றவர்களுக்கும்

குடியாத்தத்தில் லுங்கித் தறி நெய்கிறவன் நான். 2025 மே 8 அன்று பிளஸ் டூ ரிசல்ட் வந்தது, மகள் நல்ல மார்க்கில் பாஸ். அடுத்த வாரமே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எந்த ஸ்கூல் என்று கேட்டபோது, கவர்மெண்ட் ஸ்கூல்தான் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். ஐந்து வருஷம் முன்பு இதே கேள்விக்குப் பேச்சை மாற்றியவன்தான் நான்.

ஏழாம் வகுப்பு வரை அவள் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, தறி நின்றது, ஃபீஸ் பாக்கி விழுந்தது. டி.சி. கேட்டால் பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் அந்த வாசலில் நான் நின்ற நிற்பு இன்னும் மறக்கவில்லை.

ஆகஸ்டில் அரசுப் பள்ளிக்கு வெறுங்கையோடு போனேன். தலைமையாசிரியை மேடம் ஆதாரையும், பள்ளிக் கல்வித் துறை கம்ப்யூட்டர் பதிவான எமிஸில் அவளுக்குள்ள நம்பரையும் மட்டும் கேட்டார். "டி.சி. லேட்டானா புள்ளையைச் சேர்க்காம விடக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. நீங்க உட்காருங்க" என்றார். எமிஸில் பெயரை விடுவிக்கச் சொல்லிப் பழைய பள்ளிக்கு அவரே போன் போட்டார். மேடம், அன்று நீங்கள் நாற்காலியைக் காட்டியதற்கு முதல் நன்றி.

எட்டாம் வகுப்பு முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியிலேயே போய்விட்டது. 2021 செப்டம்பரில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு நேரில் போனாள். முதல் கணக்குப் பரீட்சையில் 11 மார்க். கணக்கை அவள் பக்கத்தோடு மனப்பாடம் செய்து பழகியிருந்தாள். கணக்கு சார் திட்டவில்லை. "அப்பா என்ன வேலை?" என்று கேட்டாராம். மறுநாள் சாயங்கால வகுப்பில், ஒரு லுங்கியில் 48 இழைக்கு ஒரு கட்டம், இன்னொன்றில் 36 இழைக்கு ஒரு கட்டம், இரண்டும் எந்த இழையில் சேர்ந்து முடியும் என்று கேட்டிருக்கிறார். ராத்திரி அவள் என்னிடம் கேட்டாள். தறியில் ஓடும் பாவு நூலைத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு 144 என்றேன். மீ.பொ.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு என்றால் இதுதான் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. சார், அதற்கப்புறம் எங்கள் வீட்டு நாட்காட்டித் தாள் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. எல்லாவற்றின் முதுகிலும் கணக்குதான்.

குறை இல்லாமல் இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வராத நாட்களில் மகள் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். பழைய பள்ளியில் அந்தத் தொல்லை கிடையாது. டைரியைத் தினமும் பார்ப்பார்கள், ஒருநாள் வராவிட்டாலும் போன் வரும். இங்கே பிளஸ் ஒன்னில் அரை வருஷம் இயற்பியலுக்கு ஆளே இல்லை. அந்த ஆறு மாதமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டு இன்ஜினியரிங் பெண்ணே, உனக்கு நாங்கள் ஒரு லுங்கிகூட நெய்து தர முடியாது, உங்கள் வீட்டில் கட்டுகிற ஆம்பளை இல்லை! பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் திரட்டித் தற்காலிக ஆசிரியரைக் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

நடுவில் மாறியதால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவம் மாதிரி படிப்புகளில் தரும் 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை, காலேஜ் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டுமாம். அவளோடு மாறிய தம்பி அப்போது மூன்றாம் வகுப்பு, அவன் தப்பித்தான். ஆனால் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு வந்தபோது அவன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் உண்டு.

பழைய பள்ளியின் ஒண்ணாங்கிளாஸ் மிஸ்ஸை விட்டுவிடக் கூடாது. நாலு கோடு நோட்டில் அவர் கைபிடித்து எழுதவைத்த எழுத்துதான் இன்றைக்கும் மகளின் எழுத்து. அதற்கு அரசுப் பள்ளியிலும் பாராட்டு வாங்கினாள். தறி ஓடாத மாதங்களில் கணக்குப் பார்க்காமல் முன்பணம் கொடுத்த முதலாளிக்கும், அரைத்தூக்கத்தில் தறிக்கு நூல் தார் சுற்றிய என் வீட்டம்மாவுக்கும் என் கும்பிடு.

மகள் இப்போது திருமகள் ஆலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு.

பாக்கியைக் கட்டி டி.சி.யைக் கையில் வாங்கும்போது 2022 பிறந்துவிட்டது. கொண்டுபோனால், மேடம் மாறுதலாகி வேறு ஊருக்குப் போயிருந்தார். இதைப் படிக்கிற யாராவது அவரிடம் சொல்லுங்கள்: அந்தத் தாளைக் கொடுத்துவிட்டோம், ஃபைலில் சேர்த்துவிட்டார்கள்.