முகாமுக்கும் ஒரு எல்லையும் தவணையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் போர்ட் இர்வின் இராணுவத் தளம் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். டாங்கிப் பயிற்சி, செயற்கைக் கிராமங்கள் எல்லாம் விரிவாக வந்திருந்தன. அந்தத் தளத்தின் காணிக் கதை மட்டும் வரவில்லை. புவியியல் படிப்பித்தவள் என்பதாலும், தாய்வழிக் காணியை ஒரு இராணுவ முகாம் வேலிக்குள் விட்டுவிட்டு வெளியில் இருப்பவள் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. கலிபோர்னியாவின் மொஹாவிப் பாலைவனத்தில், பார்ஸ்டோ நகருக்கு வடகிழக்கே உள்ள அந்தத் தளம் தொடக்கத்திலேயே சுமார் 1,000 சதுர மைல். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தைக் காடு, குளம், கடற்கரை எல்லாம் சேர்த்து அளந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். பின்னர் அது இன்னும் பெருத்தது. உள்ளே கோல்ட்ஸ்டோன் என்ற இடத்தில் நாசாவின் 70 மீற்றர் அன்டெனாகூட நிற்கிறது.

1940 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பயிற்சிக்காக அந்த நிலம் ஒதுக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, முதலாம் உலகப் போரில் பணியாற்றிய ஜெனரல் இர்வினின் பெயரை வைத்தார்கள். 1944 இல், உலகப் போர் முடியும் முன்பே, தேவை குறைந்ததும் மூடினார்கள். கொரியப் போருக்காக 1951 இல் திறந்தார்கள். 1961 இல் நிரந்தரத் தளம் என்று அறிவித்தார்கள். அப்படி அறிவித்த தளத்தையே வியட்நாம் போரிலிருந்து படைகள் திரும்பிக்கொண்டிருந்த 1971 இல் மறுபடியும் மூடினார்கள். இன்றைய தேசியப் பயிற்சி நிலையம் அதற்குப் பிறகு, 1980களின் தொடக்கத்தில் வந்தது. தூரம் பாயும் புதிய ஆயுதங்களோடு ஒரு முழுப் படைப்பிரிவும் ஓடிப் பழக வேறெங்கும் அத்தனை வெளி இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். சரி, காரணத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. அது தீர்ந்தபோது தளம் மூடப்பட்டது.

அடுத்தது சட்டம். அமெரிக்காவில் 5,000 ஏக்கருக்கு மேல் அரச நிலத்தைப் படைக்கு ஒதுக்குவதானால் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். 1958 முதல் இதுதான் விதி. போர்ட் இர்வினை விரிவாக்கச் சுமார் 110,000 ஏக்கர் கேட்டபோது 2001 இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. அதில் தவணையும் எழுதப்பட்டிருந்தது: 25 வருடம். அதுவும் அரச நிலத்துக்கு. எங்கள் பக்கம் கேட்கப்படுவதோ உறுதிப் பத்திரமுள்ள சொந்தக் காணியும், அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த போமிட் காணியும்.

விரிவாக்கிய இடத்தில் பாலைவன ஆமைகள் இருந்தன. 1990 முதல் சட்டப் பாதுகாப்பு உள்ள உயிரினம் அது. 2008 இல் சுமார் 600 ஆமைகளைப் பிடித்து, பலவற்றின் ஓட்டில் சிறு ரேடியோக் கருவி ஒட்டி, வேறு நிலத்தில் விட்டார்கள். பல ஆமைகள் விட்ட இடத்தில் தரிக்காமல் அலைந்தன. வறட்சியில் வேறு இரை கிடைக்காத கொயோட்டி நரிகள் அவற்றில் நிறையவற்றைக் கொன்று தின்றன. இந்தத் தோல்வி மறைக்கப்படவில்லை. எண்ணிக்கையோடு செய்தியாக வந்தது, மிச்ச ஆமைகளை இடம்மாற்றும் வேலையும் அந்த வருடமே நிறுத்தப்பட்டது. இடம்பெயர்வது என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஓர் ஆமைக்கு என்ன நடந்தது என்பதற்கே கணக்கு வைத்திருந்தார்களே என்று எனக்கு மனம் கனத்தது.

எங்கள் காணி என் அம்மாவின் சீதனம். முட்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் கிணற்றுக்கட்டும், அதன் மேல் சாய்ந்து வளர்ந்த மாமரமும் தெரியும். கிணற்றுக்கட்டின் ஒரு பக்கம் இடிந்திருக்கிறது, அதைத் திருத்தவும் வழியில்லை. எழுதிய கடிதங்களுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. எதற்காக அந்தக் காணி தேவை, எவ்வளவு காலத்துக்கு என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அம்மாவுக்கு இப்போது நடக்க ஏலாது, ஆனாலும் மழை தொடங்கினால் கிணறு நிரம்பியிருக்குமோ என்று கேட்பார்.

எங்கள் மாவட்டத்தின் கேப்பாப்புலவு மக்கள், படை வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017 மார்ச் முதலாம் திகதி முகாம் வாசலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வெயில், மழை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தாங்கி இருந்தபடியால்தான் அந்த வருடக் கடைசியில் 133 ஏக்கர் விடுபட்டது. அப்போதும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சொந்தக் காணிக்காக றோட்டோரம் கூடாரம் போட வேண்டிய நிலை நியாயமானதல்ல. விடுவிப்பதை ஒரு விழாவாக நடத்தி நன்றி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நாட்டுக்குப் படை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வன்னியின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல் போடட்டும்: எந்த முகாம், எந்தக் காணித்துண்டுகள், எத்தனை ஏக்கர், என்ன தேவைக்கு, எந்த வருடம் வரை. அரச காணி எது, தனியார் காணி எது என்பதும் அதில் இருக்க வேண்டும். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பத்திரிகையும் விண்ணப்பித்து, கிடைக்கும் பதிலை மாவட்டவாரியாக வெளியிடலாம். எங்கள் காணியின் உறுதிப் பிரதியும் நில அளவைப் படமும் கைவசம் உள்ளன. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
முள்ளியவளை.