வெயிலைத் தாங்கும் அலுமாரி

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
பங்குனி மாதம்.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுமென்று அம்மா நாள்தோறும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறாள். ஆடி மாதம் நீங்கள் வருவதற்கு முன்பாகக் கராச்சுக்கு ஒரு பிளாஸ்ரிக் அலுமாரி வாங்கக் காசு அனுப்புவதாகச் சொல்லி, கொழும்பில் விற்பனைக்கு இருக்கும் மூன்று அலுமாரிகளின் படங்களைத் தம்பியின் கைபேசிக்கு அனுப்பியிருந்தாய். படங்களை ஆறுதலாக இருந்து பார்த்தேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் இடையில் பேரப்பிள்ளைகள் கதைக்க வந்துவிடுவார்கள், அவர்களின் குரலைக் கேட்டபின் எனக்கு அலுமாரி நினைவு இருக்காது. ஆகவே எழுதுகிறேன்.

மூன்று படங்களின் கீழும் எந்தக் காலநிலையையும் தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நீயும் "மாரி மழைக்குத் தாங்குமா அப்பா?" என்றுதான் கேட்டாய். மழையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், பிள்ளை. பிளாஸ்ரிக் மழையில் ஊறுவதுமில்லை, துருப்பிடிப்பதுமில்லை. எங்கள் வன்னியில் வாடைக் காற்றோடு வரும் மழை ஐப்பசியில் தொடங்கித் தை பிறக்கும்போது ஓய்ந்துவிடும், மிச்ச மாதங்களையெல்லாம் ஆள்வது வெயில்தான். அலுமாரி வாங்குபவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது எத்தனை வருட வெயிலைத் தாங்கும் என்பதே. இதை நான் காசு கொடுத்துப் படித்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றில், சொல்லப்போனால் இதே மாதிரியான ஒரு படத்தை நம்பி, ஒரு வெள்ளை அலுமாரி வாங்கினேன். மேற்குப் பார்த்த கராச் வாசலிலிருந்து நாலடி உள்ளே, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடக் காண்டாவன வெயில் கழிந்தபோது மேற்குப் பக்கக் கதவு மங்கிப்போய், கை வைத்தால் சோக்குத்தூள் போல வெள்ளையாக ஒட்டிற்று. ஒரு நாள் மண்வெட்டியை எடுப்பதற்காகக் கதவை வழக்கம்போலத் திறந்தேன், மேற்பிணைச்சல் காய்ந்த சுள்ளி முறிவது போன்ற சத்தத்தோடு கையோடு வந்துவிட்டது. பிணைச்சலும் கதவும் ஒரே வார்ப்பாக இருந்ததால் புதிதாக ஒன்றை வாங்கிப் பூட்டவும் வழியில்லை. நிழற்பக்கத்துக் கதவோ இன்றைக்கும் வாங்கிய நாளில் இருந்ததுபோல இருக்கிறது. ஒரே பிளாஸ்ரிக், ஒரே மழை, ஒரே தூசி, வெயில் மட்டுமே வேறு.

இதன் காரணத்தை நீ சாதாரண தரத்தில் என்னிடமே படித்திருக்கிறாய். பிளாஸ்ரிக் என்பது பல்பகுதியம், ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் அந்தச் சங்கிலியைத் தாக்க, வளியிலுள்ள ஒட்சிசன் அறுந்த இடத்தில் புகுந்துகொள்ள, சங்கிலி துண்டு துண்டாகிறது. நீளம் குறைந்த சங்கிலிக்கு வளைந்து கொடுக்கும் குணம் இல்லை. அதனால்தான் முற்றத்தில் வருடக்கணக்காகக் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையின் கால் யாராவது இருந்தவுடனே விரிந்து உடைகிறது. அப்படிப்பட்ட கதிரைகளும் என் வெள்ளை அலுமாரியும் பொலிபுறொப்பிலீனால் ஆனவை. அதன் சங்கிலியில் ஒன்றுவிட்ட ஒவ்வொரு காபனிலும் ஒரு சிறு கிளை இருப்பதால், அந்த இடத்து ஐதரசன் எளிதில் கழன்றுவிடும், ஒட்சிசன் புகுவதற்கு அதுவே வாசல். கிளைகள் மிகக் குறைவாக உள்ள அடர்த்தி கூடிய பொலித்தீன் இந்த வகையில் உறுதியானது. இரண்டுக்குமே கழியூதாவைத் தாங்கும் உறுதியாக்கிகளை உற்பத்தியின்போது கலக்க வேண்டும், கலக்காவிட்டால் எந்தப் பெயர் இருந்தும் பயனில்லை. எங்கள் வளவில் கோபுரத்தின் மேல் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியைப் பார். நிழல் என்பதே அறியாமல் இத்தனை வருடம் நிற்பதற்குக் காரணம், அந்தப் பொலித்தீனுக்குள் கலந்திருக்கும் காபன் கரிதான், அது கதிர்களைத் தானே உறிஞ்சிச் சங்கிலியைக் காக்கிறது.

எது பொலித்தீன், எது பொலிபுறொப்பிலீன் என்று படத்தில் தெரியாது. அலுமாரியின் தட்டையோ பின்பலகையையோ திருப்பிப் பார்த்தால் அம்புக்குறிகளால் ஆன சிறு முக்கோணம் ஒன்று பதித்திருக்கும், அதனுள் 2 என்றிருந்தால் அடர்த்தி கூடிய பொலித்தீன், 5 என்றிருந்தால் பொலிபுறொப்பிலீன். விற்பவரிடம் அந்த முக்கோணத்தைப் படமெடுத்து அனுப்பும்படி நீயே கேள். இரண்டாம் படத்திலுள்ள சாம்பல் நிற அலுமாரியின் கதவு தடிப்பாக, விளிம்புகள் உருண்டு தெரிகின்றன. அது உள்ளே வெற்றிடம் விட்டு ஊதி வார்த்த இரட்டைச் சுவராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் எனக்கு அதுவே விருப்பம். ஒற்றைத் தகடாக வார்த்து, பின்புறம் நரம்பு நரம்பாகப் புடைத்திருப்பவை விலை குறைந்தாலும் எங்கள் வெக்கையில் வளைந்துவிடும்.

நல்ல பிளாஸ்ரிக்கானாலும் வெயில் படாமல் வைப்பது என் கடமை. சென்ற வாரம் கராச் நிலத்தில் சோக்கட்டியால் கோடு கீறிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் வாசலிலிருந்து ஏழடி உள்ளே வந்தது. நான்கு மணிக்குப் பன்னிரண்டடியைத் தொட்டது. அதற்குமேல் மாமரத்தின் நிழல் வந்து மறைத்துவிட்டது. ஆடியில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்து மறைவதால் வெயில் தெற்குச் சுவர்ப் பக்கமாக விழும், மார்கழியில் அதற்கு மாறாக விழும், ஆனால் அப்போது வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். எனவே வடக்குச் சுவரோரப் பின்மூலையே அலுமாரிக்கான இடமென்று தீர்மானித்துவிட்டேன். அங்கே கிடந்த உரப்பைகளையும் பழைய சைக்கிளையும் தம்பி ஏற்கெனவே அகற்றிவிட்டான்.

ஏன் இரும்பு அலுமாரி வேண்டாமென்று மருமகன் கேட்டாராம். 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தின்போது கராச்சுக்குள் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது அவருக்குத் தெரியாது. இரவோடிரவாகப் பெய்த மழை அது. அப்போதிருந்த இரும்பு அலுமாரி தண்ணீர் வடிந்தபின் பார்வைக்குச் சரியாகவே இருந்தது, ஆனால் அடித்தகடு மடிப்பில் ஈரம் தங்கி, அடுத்த மாரிக்குள் உளுத்துக் கொட்டிவிட்டது. மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இந்த மண்ணில் கறையானுக்குத் தெரியாமல் ஒரு பலகையை வைக்க முடியாது.

அந்த வெள்ளத்தை நினைத்தால் பிளாஸ்ரிக்கிலும் ஒரு கவனம் தேவை. பொலித்தீனும் பொலிபுறொப்பிலீனும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை, ஆகவே பாரமில்லாத அலுமாரி வெள்ளத்தில் மிதந்து சாய்ந்துவிடும். இரண்டு வரி சீமெந்துக் கல் அடுக்கி, அதன்மேல் அலுமாரியை மட்டம் பார்த்து நிறுத்தி, சுவரில் துளையிட்டு றோல் பிளக் வைத்து மேற்புறத்தை இறுக்கப்போகிறேன். இது பேரப்பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. சின்னவன் எதைக் கண்டாலும் ஏறுகிறான் என்று சொன்னாயே, கட்டாத அலுமாரியின் தட்டில் ஒரு பிள்ளை கால் வைத்தால் அலுமாரி அவன் மேலேயே கவிழும்.

கதவுகளின் இடைவெளியையும் கவனிக்க வேண்டும். பிளாஸ்ரிக் சூட்டில் நீளும் அளவு இரும்பைவிடப் பத்து மடங்கு போல இருக்கும். ஒரு மீற்றர் நீளப் பொலித்தீன் பத்துப் பாகை சூடேறினால் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் நீளும். காலையில் இலேசாகத் திறக்கும் கதவு மத்தியானத்தில் இறுகிக்கொள்வது இதனால்தான். இடைவெளி விட்டே தயாரிக்கிறார்கள், ஆனால் ஆறு மில்லிமீற்றர் வழி கிடைத்தால் சுண்டெலி புகுந்துவிடும். ஒரு கதவின் விளிம்பு மற்றக் கதவின் மேல் படிந்து மூடும் வகையாக இருந்தால் இரண்டு சிக்கலும் தீரும். பிணைச்சலில் உலோகக் கம்பி ஓடவேண்டும், ஆமைப்பூட்டுப் போடுவதற்கான துளை கதவோடு சேர்ந்த தடித்த பகுதியில் இருக்கவேண்டும்.

ஒரு சொட்டுத் தண்ணீரும் புகாமல் மூடும் அலுமாரி வேண்டுமென்று தேடாதே. காற்றே போகாத பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் அது வெளியேற வழியில்லை. தை மாதக் காலைகளில் எங்கள் தகரக் கூரையின் அடிப்புறத்தில் பனி வேர்த்துச் சொட்டுவதை நீ சிறுபிள்ளையாக இருக்கும்போது விரலால் தொட்டு விளையாடுவாய். மூடிய அலுமாரிக்குள்ளும் அதே வேர்வைதான் வரும். பின்புறம் மேலேயும் கீழேயும் சிறு காற்றுவழிகள் உள்ளதே நல்லது, அவற்றுக்கு உள்ளிருந்து நுளம்பு வலை ஒட்டிவிடுவேன்.

பாரத்தைப் பற்றி விற்பவர்கள் சொல்லும் கணக்கு, தட்டு முழுவதும் சமமாகப் பரப்பிய பாரத்துக்கானது. தெளிகருவியையும் பழைய மின்கலத்தையும் நடுவில் வைத்தால் அது பொருந்தாது. மேலும் சூட்டில் பிளாஸ்ரிக்கின் விறைப்புக் குறையும், வைத்த பாரம் மாதக்கணக்கில் இருந்தால் தட்டு மெல்லத் தொய்ந்து, எடுத்தபின்னும் நிமிராது. பாரமானவை எல்லாம் அடித்தட்டுக்கே. ஆறடி உயர அலுமாரி ஒன்றுக்குப் பதிலாக மூன்றடி உயரத்தில் இரண்டு வாங்கலாமா என்று பார். ஒன்றைப் பூட்டி, பூச்சிமருந்துகளுக்கும் கூரான ஆயுதங்களுக்கும் மட்டும் ஒதுக்கிவிடலாம், திறப்பு என் இடுப்பில் இருக்கும். மற்றதில் அம்மா எட்டி எடுக்கவேண்டிய உயரத்தில் எதுவும் இராது. அவளுக்கு இப்போது தோள் மூட்டு வலி, கையை உயர்த்த முடிவதில்லை. இதை அவள் உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள்.

புல்லு வெட்டும் மெசினுக்கான பெற்றோல் கலன் எந்த அலுமாரிக்குள்ளும் போகாது. மூடிய இடத்தில் அதன் ஆவி தங்குவது ஆபத்து. அது வெளியே தனிக் கொட்டிலில், நிழலில் இருக்கும். அம்மா தன் பயற்றை விதைகளையும் வெண்டி விதைகளையும் வைக்க ஒரு தட்டுக் கேட்கிறாள். கராச்சின் வெக்கையில் விதையின் முளைதிறன் போய்விடும் என்று சொல்லி, அவற்றை வீட்டுக்குள் வைக்கச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட இன்னொன்று: காணிப் பெர்மிற்றையும் உங்கள் படிப்புச் சான்றிதழ்களையும் புது அலுமாரிக்கு மாற்றலாமா என்று. வேண்டாம், மகள். 2008இல் இங்கிருந்து புறப்பட்டபோது அம்மா அவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பையில் வைத்து, இடம் மாறி மாறிப் போன அவ்வளவு நாளும் உடம்போடு கட்டிக்கொண்டு திரிந்தாள். ஓர் எழுத்துக்கூட அழியாமல் திரும்பி வந்த தாள்கள் அவை. படுக்கையறை றங்குப்பெட்டியில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும்.

இடத்தின் அளவு: சுவரோரம் ஆறடி மூன்று அங்குலம், ஆழம் இரண்டடிக்கு மேல் போனால் வாகனத்தின் கதவு திறக்காது. காசு அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் முக்கோணத்துக்குள் உள்ள இலக்கத்தையும், கழியூதாவுக்கு உறுதியாக்கி கலந்ததா என்பதையும், பிணைச்சல் தனியாக வாங்கக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடு. மூன்றில் ஒன்றுக்காவது மழுப்பினால் வேறு இடம் பார்ப்போம், ஆடிக்கு இன்னும் நாளிருக்கிறது.

முறிந்த அந்தப் பிணைச்சலின் ஒரு துண்டைத் தாளில் சுற்றி இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெருவிரலால் தேய்த்துப் பார், வெள்ளைத்தூள் ஒட்டும். தேய்த்தபின் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கு.

அன்புடன்,
அப்பா