சுங்கை சிப்புட்டிலிருந்து சரோஜாவுக்கு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதி படித்ததும் அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் முட்டி வலி பரவாயில்லை.

இங்கே இப்போது பேச்செல்லாம் தோட்டத்துப் பள்ளியின் மலக்குழி பற்றித்தான். மழை வலுத்தால் குழி நிரம்பி, பின்பக்க வாய்க்காலில் வழிகிறது. அதை ஒட்டித்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், சாண எரிவாயுக் கலன் போல ஒன்று கட்டி இந்தக் கழிவை அதில் விடலாமே என்றேன். உடனே எல்லோரும் கேட்டது, "அப்போ கேன்டீனுக்கு கேஸ் வாங்க வேண்டாமா டீச்சர்?" என்றுதான்.

அந்த ஆசையை வளர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். இந்தியாவில் பொதுக் கழிப்பிடங்களோடு எரிவாயுக் கலன் கட்டிய சுலப் அமைப்பின் கணக்குப்படி, ஒருவர் ஒரு நாளில் கழிப்பதிலிருந்து ஒரு கன அடி வாயுதான் வரும். முப்பத்தைந்து பேர் சேர்ந்தால் 1 கன மீட்டர். அதுவும் ஒருவர் நாள் முழுக்கக் கழிப்பது அந்தக் குழியிலேயே சேர்ந்தால்தான். ருவாண்டாவில் சிறைச்சாலைகளுக்கு இப்படிக் கலன் கட்டித்தந்த கிகாலி தொழில்நுட்பக் கழகத்துக்கு 2005இல் பசுமை ஆற்றலுக்கான ஆஷ்டன் விருது கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் இரவும் பகலும் அடைபட்டிருக்கும் இடம் அது. நம் பிள்ளைகளோ மதியம் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பள்ளியில் பெரும்பாலும் சிறுநீர்தான்.

வாயு வேண்டுமானால் கேன்டீன் வாளியைப் பார்க்க வேண்டும். மிஞ்சிய நாசி லெமாக் சோறு, மீ நூடுல்ஸ், காய்கறித் தோல் எல்லாம் 10 கிலோ சேர்ந்தால் சுமார் 1 கன மீட்டர் கிடைக்கும். ஒரு அடுப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். ஆனால் சோற்றை ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்துப்போய், வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். மாடு வளர்ப்பவர்களிடம் சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றித் தொடங்கி, பிறகு நாளுக்குக் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குச் சூடேற்றும் செலவு இல்லை.

கழிவறை கழுவ ஊற்றும் குளோராக்ஸ் வெளுப்பான்தான் எனக்குப் பெரிய கவலை. அது உள்ளே போனால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். துப்புரவு செய்யும் அம்மாவிடம் இப்போதே பேசத் தொடங்கிவிட்டேன்.

அப்புறம் உரம். வெளியே வரும் கரைசலைக் கீரைப் பாத்திக்கு விடலாம் என்று சங்கத்தில் ஒருவர் பிடிவாதமாக நிற்கிறார். நான் சம்மதிக்கவே மாட்டேன். இந்த வெப்பத்தில் நாக்குப்பூச்சியின் முட்டைகள் முழுவதும் சாவதில்லை. வாழைக்கும் தென்னைக்கும் வேரடியில் மண்ணைக் கிளறி விட்டால் போதும், தழைச்சத்து தாராளமாக இருக்கிறது. கீரை வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் கையால் பறித்து அப்படியே வாயில் வைப்பார்கள், தெரியும்தானே.

வாயு கொஞ்சம்தான் என்றாலும் இதைக் கட்டியே ஆக வேண்டும் என்கிறேன், சரோ. வாய்க்காலில் மலம் ஓடக் கூடாது. எனக்கு அதுதான் முதல் கணக்கு.

நீ செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் கழிவுநீர்க் குளம் குமிழ் விட்டுக்கொண்டே கிடக்குமே, அதுவும் கலனில் வரும் இதே எரிவாயுதான், மீத்தேன். இப்போது பல ஆலைகள் குளத்தை மூடி அதைப் பிடிக்கின்றன. இந்த வாயுவோடு கலந்து வரும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடைப் பிரிக்க இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வைக்கலாம் என்று படித்தேன். சின்னக் கலனுக்கு அது எத்தனை நாள் தாங்கும், துருவலை எப்போது மாற்றுவது? உன்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இன்னும் ஆலையில் இருந்தால் கேட்டு எழுது. நச்சு வாயு என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் ஊகத்தில் இறங்க எனக்கு மனமில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
மல்லிகா