"குழந்தை எங்கேம்மா?"

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை ஓர் அரசு மருத்துவமனையில், குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு வரிசையில் நின்றேன். ஓ.பி. சீட்டு போடுபவர் நிமிர்ந்து பார்த்து, "குழந்தை எங்கேம்மா?" என்றார். "எனக்குத்தான் சார் பார்க்கணும்" என்றேன். எனக்கு 28 வயது. ஐந்து மாதக் கர்ப்பம். பின்னால் கைக்குழந்தைகளோடு நின்ற தாய்மார்கள் என்னையே பார்த்தார்கள். 12 வயதுக்கு மேல் இங்கே பார்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்.

நான் ஆசனவாய் இல்லாமல் பிறந்தவள். இரண்டு வயதுக்குள் மூன்று ஆபரேஷன். உயிர் தந்த அந்த டாக்டர்களை நான் மறந்த நாளில்லை. ஆனால் உள்ளே எதை எங்கே தைத்தார்கள், பிறப்புறுப்பையும் சரிசெய்தார்களா என்பது எனக்குத் தெரியாது. சுகப்பிரசவமா சிசேரியனா என்று முடிவு செய்ய அந்தக் குறிப்பு வேண்டும் என்கிறார் மகப்பேறு மருத்துவர். பதிவறையில் "அவ்வளவு பழசு இல்லை" என்கிறார்கள். அம்மா பத்திரமாக வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டு 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது.

இந்தக் குறையோடு பிறக்கும் பெண்களில் சிலருக்குக் கருப்பை இரண்டாக இருக்கும். சிலருக்கு மாதவிலக்கு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் தாம்பத்தியத்தில் பட்ட வலியை என் குற்றமென்றே நினைத்து அழுதிருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரும் மகளிர் மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து, என்னைப் போல் குழந்தையில் ஆபரேஷன் ஆகி வளர்ந்தவர்களைப் பார்க்க, மாதம் ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசியமற்ற அறுவை சிகிச்சையை 2019இல் நாட்டிலேயே முதலில் தடுத்தது தமிழ்நாடு அரசு. குழந்தையின் உடலில் செய்வது வளர்ந்தவரின் வாழ்க்கையைத் தொடும் என்று அறிந்த அரசு இது. பிறவிக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் தேசியத் திட்டமும் 18 வயதோடு கைவிடுகிறது. அதற்குப் பிறகுதானே கல்யாணமும் பிள்ளைப்பேறும் வருகின்றன? சிறுநீர்த் துளை இடம்மாறிப் பிறந்து தையல் போடப்பட்ட பையன்கள் இன்று இளைஞர்கள். தங்கள் சந்தேகத்தை அவர்கள் எந்த வரிசையில் நின்று கேட்பார்கள்? மெடிக்கல் கடையிலா?

கோபத்தில் ஏதேனும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நாள் போதும். ஆபரேஷன் குறிப்பின் நகலைப் பெற்றோர் கையில் கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் பெயரையும் பிறந்த தேதியையும் தனிக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறேன். பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம்தான். அதற்குள் என் குறிப்பை ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் உயிர் பிழைத்தவள்