அரிய குரோமோசோம் மாற்றமுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, குழந்தைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ஒரு பணியைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பரிசோதனை முடிவுத் தாளைப் பெற்றோருக்கு விளங்கவைத்த பணி அது.

புதிதாகச் சேர்ந்த தாய் ஒருவர், பலமுறை மடித்துப் பிரித்ததில் ஓரம் கிழியத் தொடங்கிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். ‘5பி நீக்கம்’ என்ற சொற்களின் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். அதன் பொருளை அதுவரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் ஒரு துண்டு இல்லை என்பதே அதன் பொருள் என்றும், 1963-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூனும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்த நிலை இது என்றும், குழந்தையின் அழுகை பூனைக்குட்டியின் குரல்போல் ஒலிப்பதற்குக் குரல்வளையின் அமைப்பும் ஒரு காரணம் என்றும் விளக்கினோம். “பால் போதாமல்தான் அப்படி அழுகிறாள் என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன்” என்றார் அவர்.

இத்தகைய நீக்கங்களில் பெரும்பாலானவை கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்பவை. தாய் உண்டதாலோ உழைத்ததாலோ வருபவை அல்ல. எனினும், பெற்றோரில் ஒருவருக்கு இரு குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்து, எதுவும் குறையாததால் அவர் முழு நலத்தோடு இருக்க, குழந்தைக்கு மட்டும் ஒரு துண்டு குறைந்தோ கூடியோ போவதும் உண்டு. இந்தச் சமநிலை இடமாற்றத்தை, துண்டுகள் குறைந்துள்ளனவா கூடியுள்ளனவா என்று மட்டும் அளக்கும் மைக்ரோஅரே சோதனை காட்டாது. குரோமோசோம்களை நுண்ணோக்கியில் நேரே பார்க்கும் பழைய கேரியோடைப் சோதனையே காட்டும். ஆகவே அடுத்த குழந்தையை எண்ணும் பெற்றோர் மரபியல் ஆலோசகரிடம் இதைக் கேட்டறியத் தவறக் கூடாது. 12-ஆம் குரோமோசோமின் குட்டைக் கரம் சில செல்களில் மட்டும் கூடுதலாக இருக்கும் பாலிஸ்டர்-கில்லியன் நிலையில் இரத்தச் சோதனை இயல்பாக வந்து, தோல் செல்களில்தான் மாற்றம் தென்படக்கூடும் என்பதையும் ஒரு கூட்டத்தில் விளக்கினோம்.

தாளில் உள்ள எண்களைக் கொண்டு குழந்தையின் எதிர்காலத்தைக் கணிப்பதை நான் ஏற்பதில்லை. 22-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் 22க்யூ11.2 எனப்படும் பகுதி நீங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இழப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றேதான்: டி.என்.ஏ.வின் எழுத்துகள் போன்ற கார இணைகளில் சுமார் 30 லட்சம். ஆனாலும் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இதயக் குறைபாடும் மற்றொருவருக்குப் பேச்சுத் தாமதம் மட்டுமே இருப்பதும் உண்டு.

அதே குரோமோசோமின் நுனியில் நீக்கமுள்ள, ஃபீலன்-மெக்டெர்மிட் நிலை என்று கண்டறியப்பட்ட சிறுவன் ஒருவன் நம் கூட்டங்களுக்கு வருகிறான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் படஅட்டைகளைக் கையால் தள்ளிவிட்டவன், சென்ற மாதம் தண்ணீர்க் குவளைப் படத்தைத் தேடியெடுத்து என் உள்ளங்கையில் வைத்து, நான் எழும்வரை அதன்மேல் விரலை அழுத்திக்கொண்டே நின்றான். இந்நிலையில் வலியுணர்வு குறைந்திருக்கக்கூடும் என்பதால், அழவில்லை என்பதை வைத்துக் காயமில்லை என்று முடிவுசெய்யாமல், விழுந்தால் உடலை முழுதும் பார்க்குமாறு அவனது பெற்றோர் மற்றவர்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கான கூட்டத்தை இவ்வாண்டு நடத்த இயலவில்லை. அக்குறைக்கு நானே பொறுப்பு.

ஒவ்வொரு குழந்தைக்கும், குரோமோசோம் முடிவு, இதயம், வலிப்பு, மருந்துகள், வலியை அக்குழந்தை காட்டும் விதம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அவசர வேளையில் மருத்துவரிடம் நீட்டத்தக்க அட்டை ஒன்றைத் தயாரிக்கச் செயற்குழு முன்மொழிகிறது. இத்தீர்மானத்தைப் பொதுக்குழு நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்