அரசு எங்கே கையெழுத்துப் போட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு விற்ற பணத்துக்கு வரி கட்டாமல் தப்பிப்பது எப்படி என்று சென்ற ஞாயிறு எழுதிய உங்கள் நிபுணர், அந்த லாபத்தைப் போட்டால் வரிச் சலுகை கிடைக்கும் 54 ஈ.சி. பத்திரங்களுக்கு "அரசே ஜாமீன், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்கிறார். எந்த அரசு, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது என்று அவரிடம் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

என்னிடமும் அந்த வகைப் பத்திரம் இருக்கிறது, மின் துறைக்குக் கடன் கொடுக்கும் பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் வெளியிட்டது. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் மத்திய அரசுடையது, வாஸ்தவம். ஆனால் பத்திரத்துக்கு ஈடாக நிற்பது அந்த நிறுவனத்துக்கு வரவேண்டிய கடன் பாக்கி. கடன் வாங்கியவர்களில் மாநில மின்வாரியங்கள் உண்டு, நம்முடையதும் சேர்த்து. மின்வாரியம் தவணை கட்டும் என்ற நம்பிக்கையில் நான் தூங்க வேண்டும்! அந்த ஈட்டிலும் மற்ற பத்திரக்காரர்களுக்குச் சம உரிமை. சில வெளியீடுகளுக்குக் கிண்டியில் உள்ள ஓர் அசையாச் சொத்தையும் சேர்த்து எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் பத்திரக்காரர்கள் சார்பில் நிற்கும் டிரஸ்டி வசம். நாளை ஏதாவது ஆனால் நானோ உங்கள் நிபுணரோ கிண்டிக்குப் போய்ப் பூட்டுப் போட முடியாது.

நிறுவனத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, வட்டி ஒழுங்காக வருகிறது. அரசு ஜாமீன் வேறு சமாசாரம் என்பதுதான் பேச்சு. 2024இல் பத்திர வட்டிக்குப் பணமில்லை என்று அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல். கைவிரித்தபோது, உத்தரவாதம் கொடுத்திருந்த மத்திய அரசு கட்டியது. அந்த உத்தரவாதம் இல்லாமல் அதே நிறுவனம் வாங்கிய வங்கிக் கடன்கள் தவணை தவறின. உங்களுக்குத் தெரியாததா?

நான் பத்திரம் வாங்கிய வங்கிக் கிளையில், "ஈடு என்ன தம்பி?" என்று கேட்டேன். பென்சிலால் மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டு, "இங்கெல்லாம் கையெழுத்து சார், கவர்ன்மென்ட் பேப்பர்" என்றார் அந்தப் பிள்ளை. விவரக் குறிப்பைக் கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். ஐந்து வருஷம் விற்க முடியாது, அவசரத்துக்கு அடகு வைத்தாலும் வரிச் சலுகை போய்விடும். அதையாவது எழுதினாரா உங்கள் நிபுணர்?

1990களில் நிதி நிறுவனங்களின் முழுப்பக்க விளம்பரங்களை இதே பத்திரிகையில்தான் பார்த்தோம். என் தகப்பனாரின் கிராஜுவிட்டி பணம் அப்படித்தான் போயிற்று. கம்பெனி மூடியதற்கு உங்கள் எட்டாம் பக்கத்தில் நாலு வரி. அது பழைய கதை, விடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். வட்டி விகித அட்டவணையில் 'ஈடு என்ன', 'அரசு உத்தரவாதம் உண்டா' என்று இரண்டு கட்டம் சேருங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடவும். போன முறை நான் கேட்ட கேள்வி காணாமல் போய், வணக்கமும் நன்றியும் மட்டும் அச்சில் வந்தன.

- ஓய்வுபெற்ற வாசகர் (பெயர் வேண்டாம்),
நங்கநல்லூர், சென்னை-61.