இறுதி ஊர்வலம் ஓடக் கூடாது

அயர்லாந்தின் பழைய செய்திப்படச் சுருள்களைக் காக்கும் காப்பகத்தாருக்கும், அவற்றை வாங்கி ஒளிபரப்பும் தொலைக்காட்சியாருக்கும் வணக்கம்.

1922 ஆகஸ்ட் 28 அன்று அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் உடல் பீரங்கி வண்டியில் டப்ளின் தெருக்களைக் கடந்து கிளாஸ்னெவின் இடுகாட்டுக்குப் போனது. அந்தக் காலத்துப் படத்தை இன்றைய வேகத்தில் விட்டால் குதிரைகள் துள்ளும், துக்கத்தில் நடப்பவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்கள்போல் தெரிவார்கள். இறந்தவருக்கும் வழியனுப்ப வந்தவர்களுக்கும் இது அவமரியாதை.

காரணம் எளிது. அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 ஃபிரேம். 35 மி.மீ. படத்தில் ஓரடிக்கும் 16 ஃபிரேம்தான். அதனால் 1000 அடிச் சுருள் 16 நிமிடம் 40 நொடி ஓட வேண்டும். இன்றைய தொலைக்காட்சி வேகமான 25 ஃபிரேமில் விட்டால் 10 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். கை ஒரே சீராகச் சுற்றாது என்பதால் முழுச் சுருளுக்கும் ஒரே வேகத்தை வைக்க முடியாது. ஒவ்வொரு ஷாட்டையும் 16, 18, 20 என்று ஓட்டிப் பார்த்து, நடப்பவரின் காலடியைக் கவனித்து முடிவு செய்யுங்கள். 16-இல் ஓடும் ஷாட்டை 25-க்கு மாற்றும்போது நொடிக்கு 9 ஃபிரேம்களை இன்னொரு முறை காட்டுங்கள். பக்கத்து ஃபிரேம்களைக் கலந்தால் முகங்களில் பேய்நிழல் படியும். ஸ்கேன் செய்த மூலக் கோப்பில் மட்டும் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நெகட்டிவில் சில இடங்களில் எழுத்து அட்டை ஒன்றிரண்டு ஃபிரேம்களுக்கு மட்டுமே வரும். ஃபிலிமை மிச்சப்படுத்த அப்படி வைத்தார்கள். பிரிண்ட் எடுக்கும்போது நீட்டிக்கொள்வது வழக்கம். அதைப் பழுது என்று வெட்டிவிட்டால் ஊர்ப்பெயரும் தேதியும் அதோடு போய்விடும்.

ஸ்கேன் செய்யும்போது ஃபிலிமின் இருபுறத் துளைகளுக்கு வெளியே உள்ள ஓரத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் இருக்கும். அவை ஃபிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும், படம் எடுத்த ஆண்டை அல்ல. குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது. பிரதி எடுக்கும்போது பழைய ஃபிலிமின் குறியும் சேர்ந்து பதிந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துக் குறித்து வையுங்கள்.

பட்டியலில் எழுதும் விளக்கத்தில்தான் பெரிய தவறுகள் நேர்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் சண்டையைக் காட்டும் படச்சுருள் எதுவும் கிடைத்ததில்லை. இருப்பவை பின்னர் எடுத்த இடிபாடுகள். துப்பாக்கிச் சண்டை தெரிந்தால் அது வேறொரு ஆண்டு. 1920-இல் 'டிரலீ சண்டை' என்று, தென்மேற்கு ஊரான டிரலீயில் நடந்ததாக வெளியான காட்சியோ, டப்ளினுக்குத் தெற்கே விக்கோ சாலையில் ஆட்களை நடிக்கவைத்து எடுத்தது. அதைக் காட்டலாம், ஆனால் 'நடிக்கப்பட்டது' என்ற சொல் படத்தின் மேலேயே இருக்க வேண்டும்.

ஐரிஷ் மொழியை வளர்க்கும் அமைப்பான கேல் லின் 1956 முதல் 1964 வரை வெளியிட்ட 'அவர்க் ஏரன்' செய்திப்படங்களுக்கு ஐரிஷ் மொழியில்தான் வர்ணனை. அந்த ஒலியை எடுத்துவிட்டு இசை போடாதீர்கள். வர்ணனையை ஐரிஷிலேயே எழுத்தில் வடித்துக் கோப்போடு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் கெடும்போது முதலில் பழுப்பேறும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் தூளாகும். பிசுபிசுப்பு தொடங்கிய சுருள்தான் வரிசையில் முதலில் ஸ்கேனுக்குப் போக வேண்டும், அதில் யார் முகம் இருந்தாலும்.